கோஷ்டியில் ஓர் இடம்: திருவையாற்று விழாவும் டெல்டா மக்களும்

திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது. அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டிக் காவிரிக் கரையில் பந்தல் போட்டு நாள்கணக்கில் நடக்கிற விழா. காலையில் தொடங்கி இரவு வெகுநேரம்வரை ஒருவர் மாற்றி ஒருவர் பாடிக்கொண்டே இருப்பார்கள். பேர்பெற்ற வித்வானும் சரி, இன்னும் பேர் வாங்காத இளம்பெண்ணும் சரி, சிறிது நேரம் பாடி எழுந்து போய்விட வேண்டும். சென்னையில் மார்கழிக் கச்சேரிக்கு முன்வரிசை நாற்காலி என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இதன் தாராளம் புரியும்.

ஆனால் பஞ்சமியன்று காலையில் பஞ்சரத்தினக் கோஷ்டியைச் சுற்றிப் பார்த்தால் ஒன்று உறுத்தும். சென்னையிலிருந்து வந்திருப்பார்கள், பெங்களூரிலிருந்து வந்திருப்பார்கள், கடல் கடந்தும் வந்திருப்பார்கள். கண்டியூர், நடுக்காவேரி, மருவூர், விளாங்குடி என்று டவுன் பஸ்ஸில் வந்துவிடக்கூடிய ஊர்களின் ஆட்களைத்தான் அந்தக் கோஷ்டிக்குள் தேட வேண்டியிருக்கும். அவர்கள் விழாவுக்கு வராமல் இல்லை. பந்தல் கட்ட வருகிறார்கள், கடை போட வருகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருகிறார்கள், மாலையில் பிரபலமானவர்கள் பாடும்போது ஓரமாக நின்று கேட்கவும் செய்கிறார்கள். பாட உட்காருவதில்லை.

யாரும் அவர்களைத் தடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கோஷ்டியில் உட்காரப் பஞ்சரத்தினம் எனப்படும் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள் தெரிந்திருக்க வேண்டும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து கன ராகங்களில், ஆதி தாளத்தில், அடுக்கடுக்கான சரணங்களோடு அமைந்தவை. ஒவ்வொரு சரணத்துக்கும் ஸ்வரம் பாடி அதே மெட்டில் சாகித்தியத்தையும் பாட வேண்டும். நாட்டைக் கீர்த்தனை சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. வர்ணம்வரை கற்ற பிள்ளைக்கே இவற்றைப் பாடம் பண்ண மாதக்கணக்கில் ஆகும். அதற்கு வாத்தியார் வேண்டும், அவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும், சாயங்காலம் பிள்ளைக்கு வேலை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே இந்த விழாவின் உண்மையான வாசல், விழாவுக்கு ஓராண்டு முன்பு ஏதோ ஓர் ஊரில் நடக்கிற பாட்டு வகுப்பில் இருக்கிறது. கலைவிழாவைப் பொதுமக்களுக்கு நெருக்கமாக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பந்தலை விட்டுவிட்டு அந்த வகுப்பிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். திருவையாற்றின் வரலாறே இதற்குச் சாட்சி சொல்கிறது.

தியாகராஜர் 1847 ஜனவரியில் மறைந்தார். பல பத்தாண்டுகள் அவருடைய சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தது. சீடர் வழியினர் திதியை நடத்திவந்தார்கள். 1908 வாக்கில்தான் அது கச்சேரிகளோடு கூடிய விழாவாக உருப்பெற்றது. உருப்பெற்ற வேகத்தில் பிளவும் வந்தது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கோஷ்டிகள் தனித்தனியாக விழா நடத்தின. எதெதிலோ முரண்பட்டிருந்த இரு கட்சிகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தன: பெண்கள் பாடக்கூடாது. அன்று பொதுமேடையில் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபினர் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தடையில் சாதியும் பால்பேதமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பது விளங்கும்.

அந்த மரபில் 1878இல் பிறந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பாடகி, கதாகாலட்சேபம் செய்தவர், தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் புலமை உள்ளவர். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞரின் தெலுங்குக் காவியத்தைத் தேடிப்பிடித்து 1910இல் பதிப்பித்தவர். அந்தப் பதிப்பை ஆங்கில அரசு ஆபாசம் என்று சொல்லித் தடை செய்தது. சமாதியின் சீர்கேட்டைப் பற்றித் தம் குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம் கிடைத்ததும் அவர் திருவையாற்றுக்கு வந்தார். 1921இல் திருப்பணிக்கு அடிக்கல் இடப்பட்டது. 1925 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது. செலவு அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அப்படிக் கட்டி முடித்த சந்நிதியில் பாட அவருக்கே அனுமதி இல்லை.

அவர் மனுப்போட்டுக் காத்திருக்கவில்லை. சந்நிதிக்குப் பின்பக்கம் பெண்களைத் திரட்டிப் பாடவைத்தார். மூன்றாவதாகப் பெண்கள் கட்சி என்றே ஒன்று உருவாயிற்று. ஆண்டுக்கு ஆண்டு அதில் பாட வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. கடைசியில் 1940இல் மூன்று தரப்பும் ஒன்றாகித் தியாகப் பிரம்ம மகோற்சவ சபை அமைந்தது. 1941 முதல் பெண்களும் முன்பக்கம் உட்கார்ந்து பாடினார்கள். நாகரத்தினம்மாள் 1952இல் மறைந்தார். தம் சொத்தை அந்தச் சந்நிதிக்கே எழுதிவைத்தபோது பெண்களுக்கு, தேவதாசிகள் உட்பட, அங்கே பாடி வழிபடும் உரிமை இருக்க வேண்டும் என்பதையும் ஏற்பாட்டில் சேர்த்தார். தியாகராஜர் சந்நிதிக்கு எதிரிலேயே அவருடைய சமாதியும் இருக்கிறது. வருகிறவர்களில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிற காட்சி.

நாகரத்தினம்மாளின் கதையைத் தனிமனித வீரமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அமைப்பு வேலையாக அதைப் பார்த்தால் இன்றைக்குப் பாடமாகிறது. வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே விடச் சொல்லிக் கேட்பதோடு அவர் நிற்கவில்லை. அவர்களைச் சேர்த்தார், ஒன்றாகப் பாடவைத்தார், அவர்களுக்கென்று ஒரு மேடையைக் கையில் கொடுத்தார், அதை ஆண்டுதோறும் விடாமல் நடத்தினார். பேச்சுவார்த்தை வந்தபோது பின்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு விழா நடந்துகொண்டிருந்தது. சேர்த்துக்கொள்வதைத் தவிர மற்றவர்களுக்கு வழி இருக்கவில்லை.

1941இல் நடந்த இன்னொரு மாற்றத்துக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை. பஞ்சரத்தினத்தை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் அப்போதுதான் நிலைபெற்றது. அதுவரை ஆளாளுக்கு விரும்பியதைப் பாடினார்கள், யார் முதலில் பாடுவது, யாருக்கு எவ்வளவு நேரம் என்ற போட்டி ஓயவில்லை. பாடம் எது என்று முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டபோது நிலைமை மாறியது. குரல் சுமாராக இருப்பவரும், மேடைக் கச்சேரி செய்ய வாய்ப்பே இல்லாதவரும், தனியாகப் பாடக் கூச்சப்படுகிறவரும் பயிற்சி மட்டும் செய்திருந்தால் மகாவித்வான்களோடு சேர்ந்து பாடலாம். இன்று உலகமெங்கும் சமூகக் கலைப் பயிற்சி என்று பேசப்படுவதன் கரு இதில் இருக்கிறது. என்ன கற்க வேண்டும் என்பது தெளிவு, கற்றவர்களுக்கு இடம் உறுதி. அந்தக் கற்பித்தலைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

மொழி இன்னொரு மதில். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எழுந்த தமிழிசைக் குரல் 1943இல் தமிழ் இசைச் சங்கமாக அமைப்புப் பெற்றது. 1946 ஆராதனையில் எம்.எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியது பெரும் சர்ச்சையாகி, அதை எதிர்த்தவர்களைக் 'குடி அரசு' இதழ் கடுமையாகக் கண்டித்து எழுதுமளவுக்குப் போயிற்று. தேசிகர் இதே டெல்டாவின் திருச்செங்காட்டங்குடிக்காரர். முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் வாழ்ந்த சீர்காழியும் இதே ஆற்றுநீர் பாயும் ஊர். பொருள் தெரியாத பாட்டைக் கேட்டுக் கண்கலங்க முடியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்போது பொருளைச் சொல்லாமல் ஒலியை மட்டும் திணிப்பது அநியாயம். அந்தக் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் கதாகாலட்சேபக்காரர்கள். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராட்டியக் கீர்த்தன முறையைத் தமிழுக்கு ஏற்ப வடித்து வளர்த்த கலை அது. எந்த மொழிப் பாட்டையும் கதையோடு கோத்து, தமிழில் விளக்கி, சிரிக்கவும் அழவும் வைத்து, ராகத்தைக் காதில் தங்கவைத்துவிடுவார்கள். பாட்டு வாத்தியார்களுக்குக் கதை சொல்லவும் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தஞ்சாவூரிலேயே வேறொரு முன்னுதாரணமும் உண்டு. மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவில் அடுத்தடுத்து இசை மாநாடுகள் நடத்தினார். அங்கே கச்சேரியை விடச் சுருதி பற்றிய விவாதத்துக்கும் செய்துகாட்டலுக்கும்தான் முதலிடம். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய ஆய்வை வீணையிலும் பாட்டிலும் செய்துகாட்டியவர்கள் அவர் மகள்கள் இருவர். 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தது. திருவையாற்றில் பெண்கள் வாய்திறக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் இப்படி நடந்துகொண்டிருந்தது.

திருவையாற்றுக்கு ஆராதனை மட்டுமே விழா என்று நினைத்துவிடக் கூடாது. ஊர்மக்களைக் கேட்டால் சித்திரையில் வரும் ஏழூர்த் திருவிழாவைத்தான் முதலில் சொல்வார்கள். நந்திதேவர் திருமணத்தை ஒட்டிய விழா அது. ஐயாறப்பர் பல்லக்கில் புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிக்குடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் போவார். ஒவ்வோர் ஊர்ப் பல்லக்கும் சேர்ந்துகொள்ள எல்லாம் திருவையாறு திரும்பும். கல்யாணத்துக்குப் பழனம் பழம் கொடுத்தது, சோற்றுத்துறை சோறு போட்டது, பூந்துருத்தி பூக்கொடுத்தது, நெய்த்தானமான தில்லைஸ்தானம் நெய் கொடுத்தது என்று ஐதீகம். புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அமைப்பைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் விழாவில் ஒரு பங்கு இருக்கிறது. விழா அந்த ஊருக்கு நடந்து வருகிறது, அதனோடு நாகஸ்வரமும் தவிலும் கூடவே வருகின்றன. டெல்டாவின் சாமானிய மனிதருக்கு ராகம் காதில் விழுந்தது சபாவில் அல்ல, இப்படிப்பட்ட புறப்பாடுகளில்தான். பல்லக்குக்கு முன்னால் விடிய விடிய நடந்த ராக ஆலாபனைதான் இந்த மண்ணின் திறந்த பள்ளிக்கூடம்.

அந்தப் பல்லக்கும் எல்லாத் தெருவுக்கும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சேரியைத் தொடாத வீதிகளில்தான் சாமி புறப்பாடு நடந்தது. தஞ்சை அரண்மனைத் தேவஸ்தானக் கோயில்கள் பெரிய கோயில் உட்படத் தலித்துகளுக்குத் திறக்கப்பட்டதே 1939இல்தான். அதனால் பழைய திருவிழாவை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு மக்கள் விழா என்று கொண்டாட முடியாது. விழா நடந்து போகிறது என்ற அதன் குணத்தை எடுத்துக்கொள்ளலாம், போகாமல் விட்ட தெருக்களிலிருந்து அதைத் தொடங்கலாம். ஆராதனைக்குள்ளும் இந்தக் குணத்தின் மிச்சம் இருக்கிறது. தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்தவர், அரிசி வாங்கித் தெருவில் பாடிப்போனவர். பஞ்சமியன்று காலையில் திருமஞ்சன வீதியில் உள்ள அவர் வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுத்தான் சமாதிக்கு வருகிறது. இன்னும் நாலைந்து தெரு சுற்றிப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

விழாக் குழுக்கள் யோசிக்காத ஒன்று பயிர்க் காலம். ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில், மார்கழிக் கடைசிக்கும் தைக்கும் இடையே வருகிறது. அது சம்பா அறுவடை நேரம். அறுவடை இயந்திரம் நம் வயலுக்கு எப்போது வரும் என்று ஒருவர் காத்திருப்பார். அறுத்த நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, பனியில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்ற பயத்தில் இன்னொருவர் அங்கேயே படுத்திருப்பார். மூட்டை தூக்குகிற தொழிலாளிக்கு ஆண்டிலேயே அதிக வேலை கிடைப்பது அந்த வாரங்களில். அந்த நேரத்தில் "வாருங்கள், இலவசம்" என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினால் யார் வருவார்?

டெல்டாவின் பழைய கலைகள் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தன. மெலட்டூர் பாகவத மேளா நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, கோடையில் நடக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசிதான் தேரும் தெருக்கூத்தும் காப்புக் கட்டும் காவடியும் நிறைந்த மாதங்கள். தை அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்தாகி, மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை வயலில் வேலை குறைவு. நெல் விற்ற காசும் கொஞ்சம் கையில் இருக்கும். இன்னோர் இடைவெளி கார்த்திகையிலும் மார்கழி முற்பகுதியிலும் வருகிறது. சம்பா நடவும் களையெடுப்பும் முடிந்திருக்கும், அறுவடை இன்னும் வந்திருக்காது, மழை கொட்டும், கூலி வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பார்கள். கிராமியக் கலைஞர்களுக்கும் அதே மாதங்கள்தான் வறட்சி. திருவிழாவும் கிடையாது, முகூர்த்தமும் குறைவு. கற்றுக்கொடுக்க ஆள் சும்மா இருக்கிற மாதமும் கற்றுக்கொள்ள ஆள் சும்மா இருக்கிற மாதமும் ஒன்றாக வருகின்றன. விழாவுக்கு முந்திய இரண்டு மாதமும் அதுவே. பயிற்சியைச் சித்திரையில் தொடங்கி, நடவுக் காலத்தில் நிறுத்தி, கார்த்திகையில் மறுபடி கூட்டினால் தை பிறக்கும்போது ஒரு கோஷ்டி தயாராக இருக்கும்.

கற்றுக்கொடுப்பதற்கு எடுத்த எடுப்பிலேயே நாட்டைப் பஞ்சரத்தினத்தை நீட்ட வேண்டியதில்லை. தியாகராஜரே கூட்டமாகப் பாடுவதற்கென்று எளிய மெட்டில் திவ்யநாமக் கீர்த்தனைகளும் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளும் செய்து வைத்திருக்கிறார். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பஜனைப் பாட்டுகள் அவை. அவற்றோடு தேவாரத்தையும் முத்துத்தாண்டவரையும் சேர்த்துக்கொண்டால் முதல் ஆண்டுக்கு அது போதும். அடுத்த ஆண்டு ஸ்ரீராகக் கீர்த்தனை. வாத்தியார்களைத் தேடி எங்கும் போக வேண்டாம். 1965 முதல் திருவையாற்றிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வாய்ப்பாட்டும் நாகஸ்வரமும் தவிலும் பரதமும் முறையாகப் படித்து வெளியே வந்து வேலை தேடுகிற இளைஞர்கள் நம் கண்முன்னே இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது கர்நாடக இசையைக் கிராமத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றி. அதோடு நின்றால் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும். கிராமம் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கவில்லை. தஞ்சையை ஒட்டிய ரெட்டிப்பாளையம் தப்பாட்டத்துக்குப் பேர்போன ஊர். நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் பழைய ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரகமும் பொய்க்கால் குதிரையும் தஞ்சாவூர்ப் பேரோடு சேர்த்தே சொல்லப்படுகிறவை. இவர்களை விழாவுக்கு அழைக்காமலும் இல்லை. வரவேற்பு ஊர்வலத்தில், அமைச்சர் வரும்போது, நுழைவாயிலில் வெயிலில் நின்று அடிக்க அழைக்கிறார்கள். மேடையேற்றும்போது அவர்களைக் காணோம்.

தப்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் தீயின் மேல் வட்டமாகக் காட்டிச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார்கள். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஓசை இறுகிக் கணீரென்று வரும்வரை அடிக்க மாட்டார்கள். கொஞ்சம் அதிகம் காய்ந்தால் தோல் பிளந்துவிடும். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்து நீண்ட சுண்டுக்குச்சி. இரண்டும் வெவ்வேறு கணக்கில் ஓட, கால் மூன்றாவது கணக்கைப் போடும். இப்போது ஃபைபர் தப்பு வந்துவிட்டது, மழையிலும் அடிக்கலாம், காய்ச்ச வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அது வசதிதான். ஆனாலும் ஒருமுறையாவது வைக்கோல் தீயில் தோல் இறுகுவதை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தப்புப் பயிற்சியில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சாவு வீட்டில் அடிப்பது ஒரு சாதியின் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அதை மறுத்தே தலித் இயக்கங்கள் பல இடங்களில் தப்பு எனப்படும் பறையைக் கீழே வைத்தன. அந்த மறுப்பு நியாயமானது. அதே கருவியை விடுதலையின் இசையாக மீண்டும் எடுத்தவர்களும் அந்த மக்களே. ஆகவே பள்ளிக்கூடத்தில் தப்பு சொல்லிக்கொடுக்கும்போது சேரிப் பிள்ளைகளை மட்டும் நிறுத்தி அடிக்கவைத்தால் பழைய இழிவுக்கே திரும்பிப் போகிறோம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தப்படிக்க வேண்டும், எல்லாத் தெருப் பிள்ளைகளும் பாட வேண்டும். ஆசான் இடத்தில் தப்பாட்டக் கலைஞர் உட்கார வேண்டும், பாட்டு வாத்தியாருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுக்க வேண்டும்.

இந்த இருவழிப் போக்கைச் சென்னை கொஞ்சம் முயன்று பார்த்திருக்கிறது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைகளைப் பூங்காவுக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தது. 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடத்திய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில் பரதமும் பறையும் ஒரே மேடையில் ஏறின. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மார்கழி மேடையையே உரிமையாகக் கேட்டது. மூன்றில் நீலத்தின் வழிதான் நாகரத்தினம்மாள் வழிக்கு மிக நெருக்கம் என்பது என் எண்ணம். இடம் கேட்டுக் காத்திருக்காமல் அதே மாதத்தில் தங்கள் விழாவை நடத்திக் காட்டினார்கள்.

டெல்டாவுக்கு அதிகம் உதவக்கூடிய பாடம் இலங்கையின் மட்டக்களப்பிலிருந்து வருகிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்துக்கு அதனால் பெரும் மதிப்புக் கிடைத்தது, கூத்தாடிய கிராமம் பின்னால் நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் எதிர்த்திசையில் போனார்கள். சீலாமுனைக் கிராமத்தில் கூத்து ஆசான்களான அண்ணாவிமார், இளைஞர்கள், பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து கூத்துப் பிரதியை வரிவரியாகப் பேசினார்கள். பெண்ணை இழிவாகச் சொல்லும் இடம், சாதியைத் தாழ்த்தும் இடம், எதை மாற்றலாம், எதை விடலாம் என்று கூத்துக்கு உரியவர்களே முடிவெடுத்தார்கள். மீண்டும் களரியில் ஆடினார்கள். வெளியிலிருந்து வந்தவர்களின் வேலை கூட இருப்பது மட்டுமே.

வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அன்டோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமாவும் இங்கே நினைவுக்கு வரும். ஏழைப் பிள்ளைகளைக் கூட்டமாக உட்காரவைத்து மேற்கத்திய வாத்தியம் கற்பித்த மாபெரும் இயக்கம், உலகமே பாராட்டியது. 2014இல் ஆங்கில ஆய்வாளர் ஜெஃப்ரி பேக்கர் அதன் மறுபக்கத்தை எழுதினார். என்ன வாசிப்பது என்பதில் பிள்ளைகளுக்குக் குரலே இல்லை, கட்டளைக்குப் பணிவதே பயிற்சியாகிவிட்டது என்பது அவர் விமர்சனம். அப்ரேயுவின் சாதனையை இது இல்லாமல் ஆக்கிவிடாது. ஆனாலும் சீலாமுனையில் கேட்ட கேள்வியை அங்கே கேட்கவில்லை என்று தெரிகிறது.

நம் அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன. நல்ல முயற்சி, பல பிள்ளைகள் முதன்முறையாக மேடை கண்டார்கள். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே தெரிந்தவர்களைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு. தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஊருக்குள் வாரம் இருமுறையாவது யாரேனும் போக வேண்டும். தஞ்சையில் 1986 முதல் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. மாநிலக் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையும் நாடகத் துறையும் இருக்கின்றன. கட்டடமும் ஆளும் இல்லாத ஊர் அல்ல இது. எல்லாம் தஞ்சை நகரத்துக்குள் இருக்கின்றன, மருவூர்ப் பிள்ளை அங்கே போய்த் திரும்ப இரவாகிவிடும்.

பஸ் சிறிய விஷயமாகத் தோன்றும். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வயல் வேலைக்கும் கடைக்கும் போய்வரும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். விழா நாள்களில் கடைசிக் கச்சேரி முடிந்தபின் கிராமத் தடங்களில் அந்தப் பஸ்கள் ஓடினால் பெண்கள் வருவார்கள், ஓடாவிட்டால் எட்டு மணிக்கே எழுந்து போவார்கள். உடற்குறை உள்ளவர்களுக்கு இதைவிடக் கஷ்டம். கும்பகோணத்தின் சரப சாஸ்திரி பார்வையற்றவர், புல்லாங்குழலைக் கச்சேரி வாத்தியமாக நிலைநாட்டியவர். அப்படிப்பட்டவர் பிறந்த மண்ணில் ஆற்றங்கரைப் பந்தலுக்குச் சக்கர நாற்காலி தடங்கலின்றிப் போகப் பலகைப் பாதை போடுவதும், பேச்சு நிகழ்ச்சிகளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும் தயவாகச் செய்கிற காரியங்களாக இருக்கக்கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாட்டு வாழ்வில் பங்குபெறுவதை உரிமை என்றே சொல்கிறது.

மகோற்சவ சபையினரிடமும் கலை பண்பாட்டுத் துறையிடமும் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் அல்ல. ஏழூர்ப் பல்லக்குப் போகும் ஏழு ஊர்களிலும் ஊருக்கு ஒரு வகுப்பு, அந்தந்த ஊரின் குடியிருப்புகளில் இதுவரை பல்லக்கு நுழையாத தெருவில், வருகிற சித்திரையில் தொடங்கட்டும். ஒவ்வொன்றிலும் இசைக் கல்லூரியில் படித்த ஒருவரும் தப்பாட்டமோ நாகஸ்வரமோ தெரிந்த அந்த வட்டாரக் கலைஞர் ஒருவரும் சமச் சம்பளத்தில் கற்பிக்கட்டும். என்ன கற்பது, விழாவில் எதை எங்கே நிகழ்த்துவது என்று தீர்மானிக்கும் குழுவில் அந்த ஊர்ப் பெண்கள் இருவருக்காவது நாற்காலி போடுங்கள். அடுத்த ஆராதனையின் கோஷ்டியில் இந்த ஏழு ஊர்க்காரர்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கிவிட்டு, அதன்பிறகு வெளியூர்க்காரர்களை உட்காரவையுங்கள்.